பீர் ஆலையின் முதலாளி யார்?

ஆந்திரத்துத் திருச்சானூரில் காலையில் பேருந்து ஏறினால் தெற்கே திருத்தணி தமிழ்நாடு, மேற்கே முல்பாகல் கர்நாடகம். அரை நாளைக்குள் மூன்று மாநிலங்களின் மண்ணை மிதித்துவிடலாம். மூன்றிலும் ஒரே பெயர் தாங்கிய பீர் பாட்டில் கிடைக்கும். ஆனால் விலை ஒன்றாக இருக்காது, லேபிளும் ஒன்றாக இருக்காது. அந்த லேபிளைக் கொஞ்சம் நெருங்கிப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் எந்த ஊர் ஆலையில் தயாரானது என்ற விவரம். அதற்கும் கீழே, இன்ன மாநிலத்தில் மட்டுமே விற்பனைக்கு என்ற வரி. பாட்டில் மூடியின் மேல் கலால் துறையின் முத்திரை வில்லை. தென்னிந்தியாவின் பீர் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாகப் பெரிய எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கினார், மங்களூர்க் குடும்பம் வளர்த்தது, டச்சுக் கம்பெனி வாங்கியது என்று உரிமையாளர்களின் வம்சாவளியாக அது எழுதப்படுகிறது. உண்மையான வரலாறு பொடி எழுத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம். ஆலை எங்கே நிற்க வேண்டும், யாருக்கு விற்க வேண்டும், என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதையெல்லாம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தீர்மானித்து வந்தவை மாநில எல்லையும் கலால் சட்டமும்தான். இதைப் பார்க்கச் சித்தூர்ச் சீமையைவிட நல்ல இடம் இல்லை. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பெரும்பகுதி பிரிந்து உருவான மாவட்டம் அது. 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது, 1960இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்தது, 2022இல் தன்னிலிருந்தே திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்துக் கொடுத்தது. எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருந்த மண் இது.

யுனைட்டெட் புரூவரீஸ் என்ற பெயரிலேயே அதன் பிறப்பு இருக்கிறது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த ஐந்து சிறு பீர் ஆலைகளை 1915இல் ஒன்றாகச் சேர்த்தார். அவற்றுள் மூத்தது நீலகிரியில் 1857இல் தொடங்கிய காஸில் புரூவரி. கம்பெனியின் தலைமையிடம் சென்னை. அன்றைக்கு வாடிக்கையாளர் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் சிப்பாய். பெரிய மரப் பீப்பாய்களில் நிரப்பிய பீர், மாட்டு வண்டிகளில் பாளையங்களுக்குப் போயிற்று. கிராமத்துக் குடியானவருக்கு அது எட்டாத சரக்கு, தேவையுமில்லாத சரக்கு. அவருக்குப் பனங்கள்ளும் ஈச்சங்கள்ளும் இருந்தன, ஏலம் எடுத்தவர் நடத்திய சாராயக்கடை இருந்தது. ஆகவே தொடக்கத்திலேயே ஆலையின் சந்தையை வகுத்தது அரசுதான். பாளையம் எங்கே இருந்ததோ அங்கே பீர் போயிற்று.

அந்த அரசின் கை மாறியபோது சித்தூர் முன்வரிசைக்கு வந்தது. ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதைச் சித்தூருக்கும் கடப்பாவுக்கும் விரித்தது. அதற்கடுத்த ஆண்டு வட ஆர்க்காடு. கடைகளை மூடியதால் கஜானாவில் விழுந்த துண்டை அடைக்க 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. உப்பு புளி வாங்கும் கடைவரைக்கும் வந்து சேர்ந்த விற்பனை வரியின் பின்னணியில் மூடிய கள்ளுக்கடை இருக்கிறது என்பதை இன்று பலர் அறியமாட்டார்கள். அந்த வரியின் வழித்தோன்றலாக 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் குடிக்கும் மதுவை மட்டும் அதற்குள் கொண்டுவரவில்லை. மாநிலங்கள் அதை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. போர்க்காலத்தில் நிறுத்திவைத்த மதுவிலக்கு போருக்குப் பின் திரும்பி வந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதையும் தழுவிற்று.

மதுவிலக்கின் அடி இப்போது பீர் கம்பெனியின் தலைமையிடத்தின் மேலேயே விழுந்தது. 1950ஐ ஒட்டி யுனைட்டெட் புரூவரீஸ் சென்னையைவிட்டு பெங்களூருக்குப் பெயர்ந்தது. இன்று பெங்களூரை ‘பீர் நகரம்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் ஒரு பங்கைச் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கும் கொடுக்க வேண்டும். 1951இல் இதே கம்பெனி மெக்டவலை வாங்கியது. 1826இலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வியாபாரம் செய்துவந்த சென்னைக் கம்பெனி அது. அதன் முதல் மதுவடிப்பு ஆலை 1959இல் எழும்பியதோ கேரளத்துச் சேர்த்தலையில். சென்னையின் பெயர் பெற்ற மதுக் கம்பெனிக்குச் சென்னை மாநிலத்தில் இடமில்லை. சட்டத்தின் எல்லை தொழிலை எப்படிப் பிடரியைப் பிடித்துத் தள்ளிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விட்டல் மல்லையாவை எங்கே வைப்பது? பிரிட்டிஷார் கிளம்பிய நாளில் பங்குகளை வாங்கிச் சேர்த்து, 1947இல் கம்பெனியின் முதல் இந்திய இயக்குநராகி, மறு ஆண்டே தலைவராக அமர்ந்தவர் அவர். அப்போது வயது 24. 1983இல் இறக்கும் வரையில் ஆலை ஆலையாக வாங்கிச் சேர்த்தார். 1978இல் ‘கிங்பிஷர்’ பீரைச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் மகன் விஜய் மல்லையாவின் விளம்பர உத்திக்குப் பெரும் பங்கு உண்டு. இவர்களுடைய சாமர்த்தியம் இல்லாமல் இந்த வளர்ச்சி இல்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சாமர்த்தியம் எதைப் படித்தது என்று பார்க்க வேண்டும். வெள்ளைக்காரர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், மதுவிலக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வேளையில் பீர் கம்பெனியின் பங்கு யாருக்கும் ஆசை காட்டாது. ஒவ்வொரு மாநிலமும் வெளியிலிருந்து வரும் மதுவுக்குத் தனித் தீர்வை போடும்போது, மாநிலத்துக்கொரு ஆலை வைத்திருப்பவனே பிழைப்பான் என்று கணக்கிட்டதும் சட்டத்தைப் படித்த கணக்குதான். காற்றறிந்து பாய் விரித்த மாலுமியைப் பாராட்டலாம். காற்றையே அவன்தான் உண்டாக்கினான் என்று சொல்லக் கூடாது.

இன்னொரு மறுப்பு இயற்கையின் பெயரால் வரும். பீருக்குக் குளிர் வேண்டும், நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆலைகள் வந்தது அதனால்தான் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு இது முழுவதும் பொருந்தும். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். அதன்பின் பல நாள் சூடேறாமல் காக்க வேண்டும். குளிரூட்டும் இயந்திரம் பரவாத காலத்தில் அந்தக் காவலை மலைக்காற்றுதான் செய்தது. இயந்திரம் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. திருவள்ளூருக்கு அருகே வெயில் கொளுத்தும் அரண்வாயலில், திருப்பதி ஏழுமலையானின் வடநாட்டுப் பெயரைத் தாங்கிய பாலாஜி டிஸ்டில்லரீஸ் பீர் வடித்தது. பின்னாளில் அதுவும் யுனைட்டெட் புரூவரீஸ் கைக்குப் போயிற்று. அங்கே பீர் ஆலை வந்ததற்குக் குளிர் காரணமில்லை. தமிழ்நாட்டு அரசு உள்ளூர் உற்பத்திக்கு லைசென்ஸ் கொடுத்ததே காரணம்.

மைசூர் 1967லும், ஆந்திரம் 1969லும், தமிழ்நாடு 1971லும் மதுவிலக்கைத் தளர்த்தின. அதோடு ஆலைகள் விடுதலை பெற்றன என்று நினைத்தால் தவறு. மது மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. தமிழ்நாடு 1983இல் டாஸ்மாக்கை ஏற்படுத்தியது, ஆந்திரம் 1986இல் தன் மதுபானக் கழகத்தை ஏற்படுத்தியது. ஆலைக்கு வாங்குபவர் ஒரே ஒருவர் ஆனார், அரசு. 2021இல் டச்சுக் கம்பெனியான ஹைனகன் தன் பங்கை 61.5 விழுக்காடாக உயர்த்திக் கம்பெனியைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. உலகின் இரண்டாவது பெரிய பீர் நிறுவனம். அந்தப் பலம் என்ன செய்தது? 2025 ஜனவரியில், பல ஆண்டுகளாக அரசு விலையை உயர்த்தவில்லை, பாக்கியும் சேர்ந்துவிட்டது என்று சொல்லி யுனைட்டெட் புரூவரீஸ் தெலங்கானாவுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்தியது. சில நாள்களிலேயே மறுபடியும் அனுப்பத் தொடங்கியது. அடுத்த மாதம் அரசு விலையைக் கூட்டியது. நிறுத்தியதில் கம்பெனிக்குப் பயன் இல்லாமல் போகவில்லை. ஆனாலும் தன் சரக்கின் விலையைத் தானே எழுத முடியாதவனை முழு முதலாளி என்று எப்படி அழைப்பது?

அப்படியானால் அரசே முதலாளி என்று முடித்துவிடலாமா? நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா அதற்கு இடம் தரவில்லை. 1992இல் அறிவொளி வகுப்புகளில் எழுத்துக் கற்ற அந்தச் சுற்றுவட்டாரப் பெண்கள், ரோசம்மா போன்றவர்கள் முன்னிற்க, சாராயக்கடைகளை மூடவைத்தார்கள். ஏல வருமானத்தில் ஊறிய அரசு 1993இல் சாராயத்தைத் தடை செய்தது, 1995 ஜனவரியில் என்.டி. ராமாராவ் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். 1997இல் அது தளர்ந்தது உண்மை. ஆனால் கூலிப் பணம் வீடு வந்து சேராத பெண்களின் குரல் சட்டத்தையே எழுதவைத்தது என்பதும் உண்மை. உரிமையாளருக்கு மேலே சட்டம் என்றால், சட்டத்துக்கும் மேலே அந்த வீட்டு வாசல்கள் உண்டு.

பொடி எழுத்தைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். உரிமையாளர்களின் படங்களை வரிசையாக மாட்டினால், வென்றவர்களை மட்டுமே காண்போம். எல்லையிலிருந்து பார்த்தால் தோற்றவர்களும் தெரிகிறார்கள். மதுவிலக்கு வந்தபோது பீர் கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போயிற்று, மெக்டவல் சேர்த்தலையில் கால் ஊன்றிற்று. சித்தூர்ப் பக்கத்தில் கள்ளிறக்கிய தொழிலாளி எங்கே போவார்? அவருடைய ஆலை ஓர் ஈச்ச மரம். அதை வேரோடு பெயர்த்து எல்லைக்கு அப்பால் நட முடியாது.  எந்தச் சட்டம் நல்லது என்பது வேறு விவாதம். ஒரே சட்டம் பெயர்ந்து போக முடிந்தவனையும் முடியாதவனையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால், இந்த மண்ணின் மதுத்தொழில் வரலாற்றைப் பாதி மட்டுமே எழுதியவர்கள் ஆவோம்.