செல்போனுக்குள் போன பள்ளிக்கூடம்

சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசல் அடைபட்டிருந்த காலத்தில், 1894இல், கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் பஞ்சமர்களுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கினார். அன்றைக்கு ‘உள்ளே வராதே’ என்று சொல்ல ஆள் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை. வகுப்பு செல்போனுக்குள்ளேயும் டிவிக்குள்ளேயும் போயிடுச்சு, அவ்வளவுதான்.

கேரளத்தில் இணைய வகுப்பு ஆரம்பித்த ஜூன் 1ஆம் தேதியே மலப்புரத்தில் ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி ஒருத்தி செத்துப்போனாள். தகப்பன் கூலிக்காரர், வீட்டு டிவி பழுது, ஸ்மார்ட்போன் கிடையாது. ஜூலைக் கடைசியில், எங்க முத்தாண்டிக்குப்பம் மாதிரியே முந்திரி விளையும் பண்ருட்டிப் பக்கம், ஒரு பத்தாம் வகுப்புப் பையன். ‘முந்திரி வித்த காசு வரட்டும், போன் வாங்கித் தரேன்’ என்பதுதான் அவன் அப்பா சொன்னது. அரசு 2011 முதல் கொடுத்த மடிக்கணினியும் மேல்நிலை வகுப்புக்குத்தான், பத்தாவதுக்கு இல்லை.

இவற்றைக் குடும்பத் துயரம் என்று எழுதி மூடிவிடக்கூடாது. கல்வி மறுப்பின் வரலாற்றில் சேர்க்க வேண்டியவை இவை. தீண்டாமைக்கு எப்பவும் எழுத்தில் உத்தரவு தேவைப்பட்டதில்லை. வகுப்புக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட எங்க பாட்டன்மார் காதில் பாடமாவது விழுந்தது. செல் இல்லாத வீட்டில் அதுவும் விழவில்லை.