சுருட்டு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படையல் போடும்போது இலையில் சுருட்டும் வைப்பார்கள். காய்ந்த புகையிலையை உள்ளங்கையால் உருட்டிச் சுருட்டுவதால் அந்தப் பெயர். பாயைச் சுருட்டுகிறோம், வாலைச் சுருட்டுகிறோம், ஊர்ப் பணத்தைச் சுருட்டியவனைத் திட்டுகிறோம். எல்லாம் ஒரே வினை.

இந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’. எழுத்தைப் பார்த்து ‘செரூட்’ என்று படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: சொல் பிரெஞ்சு வழியாகப் போனது, அதனால்தான் ‘ஷ’ ஒலி. சிகாரிலிருந்து அதைப் பிரித்தறிவதும் எளிது. ஷெரூட்டுக்கு இரு முனையும் வெட்டித் திறந்திருக்கும்.

திண்டுக்கல், திருச்சிச் சுருட்டுகள் கடல் தாண்டிப் பெயர் பெற்றவை. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே துப்பறிவார் ஹோம்ஸ். பாடப்புத்தகத்தில் இதைச் சேர்த்தால் எந்த மாணவனும் இந்தச் சொல்லை மறக்கமாட்டான்.

கூடவே ஒரு மரபுத்தொடர்: ‘குளோஸ், பட் நோ சிகார்’. ஒரு காலத்தில் அமெரிக்கச் சந்தை விளையாட்டுகளில் ஜெயித்தவருக்குச் சிகார் பரிசு. மயிரிழையில் தவறவிட்டவருக்குக் கிடையாது. சித்திரைப் பொருட்காட்சியில் வளையம் எறிந்து, சோப்பு டப்பாவின் விளிம்பில் பட்டுத் தெறித்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். நம் பேச்சில், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.