இயைபுக் கொச்சை

லண்டன் தெருக்களில் உருவாகி, ஆங்கிலக் கொச்சைத் தொடர்கள் பலவற்றுக்கு மூலமான பேச்சுமுறை இயைபுக் கொச்சை. சொல்ல வந்த சொல்லை விட்டுவிட்டு, அதே ஓசையில் முடியும் வேறொரு தொடரைச் சொல்வது இதன் வழக்கம். மாடிப்படியைக் குறிக்கும் 'ஸ்டேர்ஸ்' இதில் 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' ஆகும். நாளடைவில் பல தொடர்களில் இயைபைத் தாங்கிய கடைசிச் சொல்லே உதிர்ந்துபோனது. பார்வையைக் குறிக்கும் 'லுக்', 'புட்சர்ஸ் ஹுக்' ஆகி, இன்று 'புட்சர்ஸ்' என்ற அளவில் நிற்கிறது. தலையைக் குறிக்கும் 'ஹெட்', 'லோஃப் ஆஃப் பிரெட்' ஆனதால்தான், புத்தியோடு நடந்துகொள் என்பதற்கு 'யூஸ் யுவர் லோஃப்' என்கிறார்கள். தன்னந்தனியாக என்ற பொருளில் வரும் 'ஆன் யுவர் டாட்' தொடருக்குள் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்கக் குதிரைப்பந்தய வீரரின் பெயர் இருக்கிறது. 'ஸ்லோன்' என்பது 'ஆன் யுவர் ஓன்' என்பதிலுள்ள 'ஓன்' என்பதோடு இயைகிறது.

காவலர்களுக்குப் புரியாமல் பேசத் திருடர்கள் படைத்த ரகசிய மொழி இது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பழைய பதிவுகள் இதற்கு வலுச் சேர்க்கவில்லை. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் வெளியிட்ட கொச்சை அகராதி, இதைத் தெருப்பாடகர்களும் கூவி விற்கும் தாள் வியாபாரிகளும் பேசியதாகச் சொல்கிறது. வழக்குக்கு வந்து 12 அல்லது 15 ஆண்டுகளே ஆகின்றன என்றும் குறிக்கிறது. அதாவது 1840களின் நடுப்பகுதி. நாவன்மையே பிழைப்பாக இருந்தவர்களிடம் இயைபு விளையாட்டு தோன்றியது இயல்பானதே. மறைத்துப் பேச வேண்டிய தள்ளுவண்டி வியாபாரிகளிடம் வேறொரு முறை இருந்தது. ஹென்றி மேஹ்யூ 1851இல் வெளியிட்ட லண்டன் ஏழைகள் பற்றிய நூல் அதைப் பதிவு செய்கிறது. அவர்கள் சொற்களைத் தலைகீழாக்கினார்கள். 'பென்னி' 'யெனெப்' ஆனது, 'போலீஸ்' 'எஸ்லாப்' ஆனது. காவலரையே குறிக்கும் சொல் அந்த முறையில் கிடைப்பது கவனிக்கத்தக்கது.

பிச்சைக்காரர்களின் புதிய குழூஉக்குறி இயைபின்படி அமைந்தது என்று மேஹ்யூவின் நூலிலேயே ஒருவர் கூறுகிறாரே என்று கேட்கலாம். அந்தச் சான்றைத் தள்ளிவிட முடியாது. குற்ற உலகின் ஓரத்திலிருந்தவர்களும் இதைப் பேசினார்கள். ஆனால் ஒரு கூட்டம் பேசியது என்பதால் அதுவே படைத்தது என்று ஆகிவிடாது. கடைசிச் சொல்லை விட்டுவிடுவது மறைக்கும் உத்தியல்லவா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. டுகேஞ்ச் ஆங்கிலிகஸ் என்ற புனைபெயரில் 1857இல் வந்த சொற்பட்டியலும் ஹாட்டனின் பட்டியலும் பெரும்பாலும் முழுத் தொடர்களையே தருகின்றன. முழுத் தொடரோ விடையைத் தன் ஓசையிலேயே வெளிப்படுத்திவிடும். ரகசியம் காக்க அது உதவாது. அடிக்கடி புழங்கும் நீண்ட தொடர் சுருங்குவது எந்த மொழியிலும் நடப்பதுதான். சுருங்கிய பிறகு வெளியாருக்குப் புரியாமல் போனது அதன் விளைவே, நோக்கம் அன்று.

இருபதாம் நூற்றாண்டின் புதிய தொடர்களும் இதையே காட்டுகின்றன. பெல்ஃபாஸ்டில் பிறந்து 1950களில் புகழ்பெற்ற பாடகி ரூபி மர்ரியின் பெயர் 'கறி' உணவுக்கு வழங்கலாயிற்று. சாப்பிடப் போகிறவர்கள் 'ஒரு ரூபி' என்றே சொல்கிறார்கள். அதில் யாரிடமிருந்தும் மறைக்க எதுவும் இல்லை. பொய்யைக் குறிக்கும் 'போர்க்கி' என்ற சொல்லும் அப்படியே 'போர்க் பை' என்பதிலிருந்து வந்து, லண்டனைத் தாண்டி பிரிட்டன் முழுதும் வீட்டுப்பேச்சில் கலந்துவிட்டது. 'லை' என்பதோடு இயைந்த 'பை' அந்தச் சொல்லில் இப்போது இல்லை.