கூப்பன் புத்தகமும் நமது வெட்கமும்



அஸ்வெசும பட்டியல் வந்தால் யார் யாருடைய பெயர் இருக்கிறது என்று தேடிப் பார்த்துக் கதைக்கிறோம். நமது மூத்தவர்கள் காலத்தில் இப்படி இருக்கவில்லை.

1942இல், யுத்த காலத்தில், அரிசிப் பங்கீடு தொடங்கியது. வசதியானவர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் கூப்பன் புத்தகம் இருந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். மக்கள் அந்த அரிசியைப் பிச்சையாக நினைக்கவில்லை, உரிமையாகக் கேட்டார்கள்.

1978இல் அது குறைந்த வருமானக்காரருக்கு மட்டும் என்றானது. அடுத்த வருடம் உணவு முத்திரை வந்தது. பிறகு ஜனசவிய, சமுர்த்தி, இப்போது அஸ்வெசும. எல்லோரும் வாங்கியபோது இல்லாத வெட்கம், ஏழைக்கு மட்டும் என்றானதும் வந்து ஒட்டிக்கொண்டது.

நாமும் அதைத்தான் செய்கிறோம். ஸகாத் ஏழையின் ஹக் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். ரமழானில் அவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறோம். வாங்கியவரின் பிள்ளை நமது வகுப்பில் இருக்கிறது. அந்தப் படத்தை வகுப்பே பார்க்கிறது.

இந்த வருடமாவது பொதியை இரவில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். கெமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போவோம்.