ஜீப்பின் இன்னொரு கியர் பெட்டி

காரைக்காலில் மலை கிடையாது. ஆனாலும் கடற்கரை மணலிலும் மழைக்காலச் சேற்றிலும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு வேலை உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் கியர் பாக்ஸுக்கு அடுத்து இன்னொரு பெட்டி இருக்கும். பெயர் டிரான்ஸ்ஃபர் கேஸ். என்ஜினின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது இதுதான். 'லோ' போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும்.

லோ விகிதம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல பெட்டி என்று நினைப்பவர்கள் பலர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் இருந்த ஸ்பைசர் 18 பெட்டியின் லோ விகிதம் 1.97 தான். 2.2 லிட்டர் என்ஜினுக்கு அது போதுமானதாக இருந்தது. 1985-ல் வந்த மாருதி ஜிப்சிக்கு மூலமான சுசுகி எஸ்ஜே410-ல் இருந்ததோ வெறும் 970 சிசி என்ஜின். (இன்றைய சின்னக் காரின் அளவு!) பாவம், அதற்கு 2.51 தேவைப்பட்டது. சாதாரண 'ஹை'யிலேயே 1.58. பிறகு 1.3 லிட்டர் ஜிப்சி கிங்கில் லோ 2.27, ஹை 1.41 ஆனது. என்ஜின் பெருக்க, பெட்டி இளைத்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரு சிக்கல். நான்கு சக்கர ஓட்டம் போட்டால் இரு அச்சுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓடவேண்டும். மணலில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், காய்ந்த தார் சாலையில் முடியாது, பல்சக்கரங்கள் முறுக்கேறும். 1970-ல் ரேஞ்ச் ரோவர் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் வைத்து இதைத் தீர்த்தது. ஜிப்சி ஓட்டுநரோ கடற்கரையிலிருந்து தார் சாலை ஏறியதும் நெம்புகோலைத் தள்ளி இரண்டு சக்கர ஓட்டத்துக்கு மாறியாக வேண்டும்.