முதியோரைத் தரமறிந்து பேணிய வரலாறு

முதுமையினாலும் நோயினாலும் தளர்ந்தோர்க்கு உணவும் உடையும் படுக்கையும் அளித்தால் போதும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. அவ்வெண்ணம் மாறிய வரலாற்றில், இலண்டனுக்கு மேற்கே ஐல்வேத் என்னும் இடத்தில் அமைந்த வைத்தியசாலை ஒன்றுக்குத் தனியிடம் உண்டு.

இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம், உழைக்க வல்ல வறியோரைக் கருதியே தொழிலகங்களைப் பெருகச் செய்தது. காலப்போக்கில் அவற்றை நிறைத்தவர்களோ ஆதரவற்ற முதியோரும் நோயாளருமே. 1935ஆம் ஆண்டில் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை, தன் அயலிலிருந்த அத்தகைய நிலையம் ஒன்றைப் பொறுப்பேற்றது. அங்கிருந்த 714 நோயாளரும் டாக்டர் மார்ஜரி வாரன் என்னும் பெண் வைத்தியரின் பார்வைக்கு வந்தனர்.

அங்கே அவர் கண்டது யாது? நோய் இன்னதென்று ஆராயப்படாமலே பலர் ஆண்டுக்கணக்காகப் படுக்கையிற் கிடந்தனர். நடக்கக்கூடியவரும் நடக்க இயலாதவரும், தெளிந்த அறிவினரும் சித்தம் தடுமாறியவரும் ஒருங்கே வைக்கப்பட்டிருந்தனர். படுத்தே கிடந்தமையால் தசைகள் மெலிந்தன; மூட்டுகள் இறுகின; படுக்கைப் புண்களும் தோன்றின. நோய் விளைத்த கேட்டினும் கிடை விளைத்த கேடு சிலர்க்குப் பெரிதாயிற்று.

வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். 1943இல் வெளியிட்ட கட்டுரையில் அத்தகையோரை ஐந்து பிரிவினராக வகுத்துக் காட்டினார். எழுந்து நடமாடுவோர் முதற் பிரிவினர். படுக்கையிற் கிடப்பினும் மலசலம் அடக்க வல்லோர் இரண்டாமவர். அடக்க இயலாதோர் மூன்றாமவர். பிறர்க்கு இடையூறின்றி அமைதியாக மனந்தடுமாறியோர் நான்காமவர். வேறாக வைத்துப் பேணவேண்டிய மூப்புச் சித்தக் குலைவுடையோர் ஐந்தாமவர்.

இப்பகுப்பின் பயன் பணிவிடையில் வெளிப்பட்டது. நடமாடுவோர்க்கு வேண்டியது ஊக்கமும் பயிற்சியுமே. கிடப்போர்க்குத் தாதியரின் இடையறாத கவனம் வேண்டும். விடுதிகளுக்கு நல்ல வெளிச்சமும் பற்றி நடக்கக் கைப்பிடிகளும் அமைந்தன. பலர் எழுந்து நடந்தனர். வீடு திரும்பியோரும் உளர். முதியோர்க்கென வேண்டிய கட்டில்கள் நாளடைவில் ஏறத்தாழ 240 ஆகக் குறைந்தன.

வாரன் 1960இல் காலமானார். ஈராண்டுகளின் பின், 1962இல், டோரீன் நோர்ட்டன் என்னும் தாதி, வேறிருவருடன் நிகழ்த்திய ஆய்வு வெளிவந்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் அசையும் ஆற்றல், மலசலம் அடக்கும் வன்மை என்னும் ஐந்துக்கும் தனித்தனியே புள்ளிகள் இடப்பட்டன. மொத்தம் 20 புள்ளிகளில் 14 அல்லது அதனிற் குறைவாகப் பெற்றவர்க்குப் படுக்கைப் புண் ஏற்படக்கூடும் என்று தாதியர் முன்னரே அறிந்து காக்க இம்முறை வழி செய்தது.

தரம் பிரித்தல் என்பது ஒருவரை ஓரிடத்தில் ஒதுக்கி மறந்துவிடுவதற்கன்று. இன்று படுக்கையிற் கிடப்பவர் சில வாரங்களில் நாற்காலியில் அமரலாம். பின்னர் ஊன்றுகோல் கொண்டு நடக்கலாம். நன்றாக நடந்தவர் தளர்வதும் உண்டு. ஆதலால் அவர் நிலையை மீண்டும் மீண்டும் நோக்கி, அதற்கேற்பப் பணிவிடையையும் மாற்றுதல் வேண்டும். ஐல்வேத்தில் அவ்வாறு நோக்க ஒருவர் வரும்வரை, நடந்திருக்கக் கூடிய பலர் கிடந்தே காலங்கழித்தனர்.