மூன்றாவது காஞ்சி

பட்டு வாங்க வருவோர் அறிந்த காஞ்சிகள் இரண்டு: சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி. மூன்றாவதான ஜினகாஞ்சியை நாடி மிதிவண்டிகளில் புறப்பட்டோம்.

8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலைக் கடந்தால் நகரத்தின் இரைச்சல் ஓய்ந்துவிடுகிறது. வேகவதிக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றம். பட்டு நகரின் அருகே பருத்தியின் பெயரில் ஓர் ஊர்!

6ஆம் நூற்றாண்டில் இவ்வூர்ச் சமண முனிவர் வஜ்ரநந்திக்குப் பல்லவர் அளித்த கொடையைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88இல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். விதானத்தில் ரிஷபதேவர், வர்த்தமானர் ஆகியோரின் வாழ்க்கை ஓவியங்களாக விரிகிறது.

தேவாரத்தோடு தமிழகத்தில் சமணம் ஒழிந்தது என்றே பலரும் சொல்கிறோம். அப்பருக்கு எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த இம்மண்டபம் அதை மறுக்கிறது. அரைமணி நேரம் மிதித்தால் எவரும் இதைக் கண்ணாரக் காணலாம்.